களப்புத் தண்ணீர்

சுருளி வேலப்பர் துணை
சின்னமனூர்
தாது வருஷம் தை 18

என் உடன்பிறந்த தம்பி சுருளியாண்டிக்கு அக்காள் ராமுத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் மச்சான், என் மாமியார், குழந்தை எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாயக்காளும் சுகந்தானா? கொழும்பில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். தலையை நனையவிடாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

மலையம்மாளுக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டோம். பங்குனி 20, வெள்ளிக்கிழமை, குலதெய்வம் கோயிலில். முந்தி ரெண்டைப் பறிகொடுத்து, இது தங்குமா என்று நான் பயந்து பயந்து வளர்த்த பிள்ளை. நாலு வயசு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இனிமேல் தள்ள முடியாது.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். எனக்கு இருக்கிற ஒரே தம்பி நீ. கம்பம் ரோட்டில் பதினோரு வருஷம் பஸ் ஓட்டினாய். ஒரு விசேஷத்துக்காவது நேரத்துக்கு வந்திருக்கிறாயா? பந்தி முடிந்த பிறகு எண்ணெய்ச் சட்டையோடு வந்து நிற்பாய். இப்போது சொந்த டாக்ஸி. லீவு கேட்க முதலாளி கிடையாது. சாக்குச் சொன்னால் நான் கேட்கமாட்டேன். நீயும் மாயக்காளும் ரெண்டு நாள் முந்தியே வந்துசேருங்கள்.

உன் அக்காள்
ராமுத்தாய்

*

கொழும்பு
மாசி 3

மதினி அவர்களைக் கும்பிட்டு மாயக்காள் எழுதுகிறது. நாங்கள் ரெண்டு பேரும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, கொடுத்தீர்களா, இல்லை வழக்கம்போல மறந்தீர்களா?

உங்கள் கடிதத்தை அவர் வாசித்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே கடைக்குப் போய் மாந்துளிர் நிறத்தில் பட்டுப் பாவாடைத் துணி எடுத்து நானே தைக்கிறேன். கொலுசுக்கும் சொல்லியாயிற்று.

தாய்மாமன் சீர்த்தட்டை முன்னால் ஏந்தி வருகிறது நான்தான். காது குத்தும்போது பிள்ளையின் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிறதும் மாமன் பெண்டாட்டி வேலை. போன வருஷம் நான் ஊருக்கு வந்திருந்தபோது ரெண்டு மாசம் என் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை அது. நான் பிடித்தால் அசையாது. பயப்படாமல் குத்தலாம் என்று ஆசாரியிடம் சொல்லிவையுங்கள்.

அண்ணனுக்கும் உங்கள் மாமியாருக்கும் என் கும்பிடு. பிள்ளைக்கு ஆயிரம் முத்தம்.

மாயக்காள்

*

சின்னமனூர்
மாசி 14

தம்பி சுருளியாண்டிக்கு. இங்கே எல்லாரும் சுகம். இந்தக் கடிதம் உனக்கு மட்டும். மாயக்காளிடம் காட்டாதே.

எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன். மாயக்காள் எழுதியதை என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். உடனே முகம் மாறிவிட்டது. “கல்யாணமாகி ஒம்பது வருசமாச்சு. மடி நெறயாதவ கையில தட்டு வாங்குனா பிள்ளைக்கு ஆகுமா? தலையப் பிடிக்கவும் அவதானா? ஏற்கெனவே ரெண்டத் தூக்கிக் குடுத்தது போதாதா?” என்றாக. உன் மச்சான் பக்கத்திலேயே இருந்தார். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் என்ன செய்ய? என் பிள்ளைக்கு ஒன்று என்றால் நான் தாங்கமாட்டேன். நீ மட்டும் வந்துவிட்டுப் போ. அவளுக்கு உடம்பு சரியில்லை, கப்பல் ஒத்துக்கொள்ளாது, ஏதாவது சொல்லிக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வா. இல்லாவிட்டால் கோயிலில் ஒரு மணி நேரம் ஒதுங்கி நிற்கச் சொல். அவள் புத்திசாலி, புரிந்துகொள்வாள். சீரை நீயே கொண்டு வா.

என்மேல் வருத்தப்படாதே. பதில் போடு.

ராமுத்தாய்

*

கொழும்பு
மாசி 29

அக்காளுக்கு. சுகம். உன் கடிதம் வந்தது. வாசித்தேன்.

கதிர்காமத்துக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவது என்று நினைத்திருக்கிறேன். கடலோர ரோடு. டாக்ஸியிலேயே போகிறோம். போக வர ஆறு நாள். பங்குனி 3 கிளம்புகிறோம். அதற்குப் பிறகு ரயிலேறலாம்.

மழை நின்றுவிட்டது. மச்சானைக் கேட்டதாகச் சொல்லு.

சுருளியாண்டி

*

அம்பாந்தோட்டை
பங்குனி 14

மதினி அவர்களைக் கும்பிட்டு மாயக்காள் எழுதுகிறது. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். என் சுகத்தைக் கேட்காதீர்கள். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இன்னும் ஆறே நாள். நாங்கள் கடற்கரையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் உங்கள் அருமைத் தம்பியால்!

இந்தச் சமயத்தில் கதிர்காமம் எதற்கு என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். “வேண்டுதல் ஒண்ணு இருக்கு, ஏறு வண்டியில” என்றார். என்ன வேண்டுதல் என்று சொல்லவில்லை. முதல் நாளே ரெண்டு டயர் பஞ்சர். காலி என்கிற ஊரில் ஹாரன் அமுங்கினது அமுங்கினபடி நின்றுவிட்டது; கோட்டைத் தெரு முழுக்க ஜனம் வெளியே வந்து எங்களைப் பார்த்தது. மறுநாள், சக்கரத்தைக் கழுவுகிறேன் என்று காரை மணலில் இறக்கினார். பின்சக்கரம் புதைந்துவிட்டது. வலை இழுக்கிறவர்கள் பத்துப் பேர் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் பின்னால் கட்டியிருந்த பெட்டி அலையில் விழுந்தது. மதினி, நான் ஒரு மாசம் உட்கார்ந்து தைத்த பட்டுப் பாவாடை அதில்தான் இருந்தது. நல்ல தண்ணீரில் ஏழு தடவை அலசினேன். இடுப்புப் பக்கம் உப்புக்கறை போகவே இல்லை.

இதோடு விட்டாரா? ரேடியேட்டர் ஒழுகியது. ரோட்டோரத்தில் பெரிய களப்பு, இந்த ஊரில் கடலை ஒட்டித் தேங்கிக் கிடக்கிற ஏரியை அப்படித்தான் சொல்கிறார்கள். தாமரை பூத்து எருமை படுத்துக் கிடந்தது. நம் ஊரில் வாய்க்காலைக் கண்டால் பஸ்ஸை நிறுத்தி வாளியை விடுவாரே, அதே போல இறங்கி மொண்டு மொண்டு ஊற்றினார். ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள், நின்ற இடமெல்லாம் களப்புத் தண்ணீர்தான். அம்பாந்தோட்டைக்கு நாலு மைல் இருக்கும்போது வண்டி ஆவி விட்டு நின்றே போயிற்று.

இங்கே பட்டறை வைத்திருக்கிறவர் மலாய்க்கார பாய், தமிழ் பேசுகிறார். மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் தூவென்று துப்பினார். “இது கடல் ஏறுற தண்ணி. உள்ளே பூரா உப்பு அடைச்சிருக்கு. நாக்குல வச்சவன் எவனும் இதை ஊத்தமாட்டான். நீங்க டிரைவர்தானா?” என்று கேட்டார். இவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போயிற்று. பெரியாற்றுத் தண்ணீரையே பார்த்து வளர்ந்தவருக்கு உலகத்துத் தண்ணீரெல்லாம் இனிப்பு என்று நினைப்பு!

ரேடியேட்டரைக் கழற்றிச் சோடா உப்புப் போட்டுக் காய்ச்ச வேண்டுமாம், குழாய் மாத்தறையிலிருந்து வரவேண்டுமாம். காரை இங்கேயே போட்டுவிட்டுப் பஸ்ஸில் போவோம், பெட்டியை நான் தலையில் தூக்குகிறேன் என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். “வண்டிய விட்டுட்டு வரமாட்டேன்” என்கிறார். வேறு பேச்சே இல்லை. நான் வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டிவிட்டேன். பாயின் வீட்டுக்காரி ஜெய்த்தூன் பீவி, நாங்கள் தங்க ஒரு அறை கொடுத்திருக்கிறாள். அவளே காதைப் பொத்திக்கொண்டாள். அத்தனைக்கும் இந்த மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அது இன்னும் ஆத்திரமாக வருகிறது.

மதினி, முடிந்தால் நாளைத் தள்ளிப் போடுங்கள். முடியாவிட்டால் என்னை மன்னித்துவிடுங்கள். தவறெல்லாம் எங்களுடையது.

மாயக்காள்

*

சின்னமனூர்
பங்குனி 23

சுருளியாண்டிக்கு. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்க எனக்கு மனசில்லை.

கோயிலில் மத்தியானம் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடினேன். உன் மச்சானின் பங்காளிகள் என்னென்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டாம். “ராமுத்தாய்க்குப் பிறந்த வீடு அத்துப்போச்சு” என்று என் காதுபடவே சொன்னார்கள். கடைசியில் கம்பத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் ஒச்சாண்டியின் மடியில் உட்கார வைத்தோம். காதுகுத்து நடந்தது. அதற்குமேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

மறுநாள்தான் மாயக்காள் கடிதம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் உன்னோடு வண்டி ஓட்டினவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். களப்புத் தண்ணீரை ஊற்றினானாம், பதினோரு வருஷம் வண்டி ஓட்டினவன்! சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. நீ வரவேண்டும், நேரத்துக்கு வரவேண்டும். அதைச் செய்ய உனக்குத் துப்பில்லை. இனிமேல் அக்காள் என்று எழுதாதே.

ராமுத்தாய்

*

கொழும்பு
ஈஸ்வர வருஷம் சித்திரை 11

ராமுத்தாய் மதினிக்கு மாயக்காள் எழுதுகிறது. கும்பிட்டு என்று எழுதப் போனேன், கை வரவில்லை.

வருஷப் பிறப்புக்குக் காரைத் துடைத்துப் பொட்டு வைக்கலாம் என்று முன்சீட்டைத் தூக்கினேன். சாக்குக்கு அடியில் ஒரு கடிதம். உங்கள் கையெழுத்து. மாசி 14. “மாயக்காளிடம் காட்டாதே.”

ஐந்து தடவை வாசித்தேன். மதினி, உங்கள் மாமியார் சொன்னாக என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்ன வாய் அவர்களுடையது, எழுதிய கை யாருடையது? நாலு நாள் யோசித்து எழுதினீர்களே, அந்த நாலு நாளில் ஒரு நாள்கூட என் முகம் ஞாபகம் வரவில்லையா?

நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் மூத்த பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது நீங்கள் பார்க்கமாட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மூன்று நாள் மடியில் போட்டுக்கொண்டு ஈரத்துணி போட்டது யார்? கடைசி வாய்த் தண்ணீர் ஊற்றியது யார்? அன்றைக்கு என் மடி நிறைந்திருந்ததா, இல்லையா? அன்றைக்கு உங்கள் மாமியாரும் அங்கேதான் நின்றார்கள். ஒதுங்கி நில் என்று யாரும் சொல்லவில்லை.

இது தெரியாமல் அம்பாந்தோட்டையில் உட்கார்ந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேனே, அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. கடிதத்தை உங்கள் தம்பியிடம் காட்டி “என்னய்யா இது?” என்றேன். “பழசு” என்றார். “அப்ப அந்தத் தண்ணி?” என்றேன். துடைத்து வைத்த காரை மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

கொலுசைத் தபாலில் அனுப்புகிறேன். பாவாடையை அனுப்பமாட்டேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

மாயக்காள்

*

கொழும்பு
வைகாசி 30

அக்காளுக்கு. எழுதாதே என்று சொன்னாய். இது ஒன்று மட்டும் எழுதுகிறேன், பிறகு உன் இஷ்டம்.

ஒன்றரை மாசமாக மாயக்காள் என்னோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள், போய்விடுகிறாள். உன்னிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களிடம் சொல்லவேண்டாம், நீ தெரிந்துகொள். நான் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். முதல் வாளியிலேயே. உப்புக் கரித்தது. தெரிந்துதான் ஊற்றினேன்.

அவளை விட்டுவிட்டு உன் கோயிலுக்கு வர எனக்கு முடியாது. வரமாட்டேன் என்று உனக்கு எழுதவும் முடியாது. பிள்ளைக்கு மடி கொடுக்கமாட்டேன் என்று எந்தத் தாய்மாமன் எழுதுவான்? ஏன் போகவில்லை என்று அவளிடம் சொல்லவும் முடியாது. அவள் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள், அக்கா. ஒவ்வொரு தையலுக்கும் பிள்ளை பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி கெட்டுப்போனது என்றால் யாருக்கும் அவமானமில்லை, என்னை மட்டும் எல்லாரும் திட்டுவீர்கள். அது எனக்குப் பழக்கம்தான்.

அந்தக் கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டிருக்க வேண்டும். உன் கையெழுத்தாயிற்றே என்று வைத்துவிட்டேன். என் தப்பு அது ஒன்றுதான். மற்றதை மறுபடியும் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

பிள்ளை சுகமா?

சுருளியாண்டி

*

சின்னமனூர்
ஆனி 17

மாயக்காளுக்கு ராமுத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம், என்னைத் தவிர. பதில் எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் வாசித்துவிட்டுக் கிழி.

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. சின்னவள் என்னைக் கேள்வி கேட்கிறாளே என்று. ரெண்டு மாசம் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். தம்பி கடிதம் வந்த பிறகு அதுவும் நிற்கவில்லை. எழுதிய கை என் கைதான். மாமியார் சொன்னாக, நான் ஏன் எழுதினேன்? பயந்தேன். அவர்களுக்கு இல்லை, அவர்கள் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால் என்று பயந்தேன். ரெண்டைக் கொடுத்தவளுக்கு எதைச் சொன்னாலும் நடுக்கம்தான். மூத்தது போனபோது மடி கொடுத்தவள் நீ என்பதை நான் மறக்கவில்லை, மாயக்கா. மறக்காமலேயே அதை எழுதினேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று. தம்பிக்குக் காதுகுத்து நடந்தது என்று எழுதினேன். அது பாதிதான் உண்மை. முடியிறக்கும்போது பேசாமல் இருந்த பிள்ளை, ஊசியைப் பார்த்ததும் “அத்தெ எங்க? அத்தெ வரட்டும்” என்று ஆரம்பித்தது. ஒச்சாண்டிக்குக் கல்யாணமாகவில்லை, தலையைப் பிடிக்க ஆள் இல்லை. என் மாமியார் பிடித்தார்கள். வலது காதைக் குத்தியதும் திமிறி, அவர்கள் கையைப் பல் பதியக் கடித்துவிட்டது. அமுக்கிப் பிடியுங்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் ஆசாரி கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினேன். “போதும். அவ அத்தெ வந்து பிடிக்கட்டும், அன்னைக்குப் பாத்துக்கிரலாம்” என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கே இதை உனக்கு எழுதியிருக்க வேண்டும். தம்பி மேல் இருந்த கோபத்தில் மறைத்தேன்.

உன் சிநேகிதி ஒற்றைக் காதில் கம்பியோடு தெருவில் ஓடுகிறாள். கேட்பவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆவணி 11 வெள்ளிக்கிழமை. நீ வந்தால் இடது காது. வராவிட்டால் அது அப்படியே இருக்கட்டும், கல்யாணம் வரைக்கும். மாமியாரிடம் சொல்லிவிட்டேன். முதலில் குதித்தார்கள். “பிள்ளயே கேக்குது, நீங்க என்ன சொல்றீக?” என்றேன். கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. பிள்ளை கூப்பிடுகிறது.

ராமுத்தாய்

*

கொழும்பு
ஆனி 27

மதினிக்கு மாயக்காள் எழுதுகிறது. நொச்சி ஒத்தடம் கொடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

வருகிறோம். உங்கள் கடிதத்தை வாசித்ததும் மனசு ஆறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அழுதேன், அது வேறு. தட்டை நான்தான் ஏந்துவேன். உங்கள் மாமியார் ஒதுங்கி நிற்க வேண்டாம், எதிரே நின்று பார்க்கட்டும். பிள்ளை அந்த மாந்துளிர்ப் பாவாடையைத்தான் கட்டவேண்டும். கறையோடுதான். யாராவது கேட்டால் கறை எப்படி வந்தது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

உங்கள் தம்பியோடு நேற்றிலிருந்து பேசுகிறேன். அன்பாக இல்லை. பன்னிரண்டு நாள் அந்த மனுஷனை ஊர் பேர் தெரியாத இடத்தில் வைத்து என்னென்ன பேசினேன்! எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாரே, அதற்கு அவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?” என்று கேட்டேன். “சொன்னா நீ தையல நிறுத்தியிருப்ப” என்கிறார். இந்த ஆளிடம் கோபப்படவும் முடியவில்லை, படாமலிருக்கவும் முடியவில்லை.

டாக்ஸி இல்லை, ரயிலும் கப்பலும்தான். தேனியில் இறங்கிப் பஸ் பிடித்து ஆவணி 9 சாயங்காலம் வந்துவிடுவோம்.

நான் வந்து சேரும்வரைக்கும் பிள்ளையின் தலையை யாரும் பிடிக்க வேண்டாம்.

மாயக்காள்